பாலக்காட்டுக் கணவாய் ஒரு பொருளா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரம் வரை நீளும் எங்கள் கேரளத்துத் தமிழ்ப் பக்கத்தில், டீக்கடை பெஞ்சில் தத்துவத்துக்குப் பஞ்சமே கிடையாது. “எல்லைங்கறதெல்லாம் சும்மா மேப்புல போட்ட கோடுங்க, நெசத்துல அப்படி ஒண்ணு இல்லீங்க” என்பார் ஒருவர். “காசுன்னா என்னங்க, வெறும் நம்பிக்கைதானுங்களே” என்பார் இன்னொருவர். வயதானவர் யாராவது இருந்தால், “எல்லாமே மாயைதானுங்” என்று பேச்சை முடித்துவைப்பார். பிறகு மீதிச் சில்லறையை எண்ணித்தான் வாங்குவார்.

மூன்று பேச்சிலும் கோளாறு ஒன்றுதான். ஒன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாமல் இருக்க வேண்டும், நடுவில் எதுவும் கிடையாது என்று நினைத்துக்கொள்கிறோம். கையால் தொட முடிந்தால் இருக்கிறது, முடியாவிட்டால் கற்பனை. அந்தக் கணக்கில் பல்வலி கிடையாது, வங்கிக் கடன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. வங்கிக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

எவையெல்லாம் இருக்கின்றன, அவை எந்தெந்த விதத்தில் இருக்கின்றன என்று ஆராயும் தத்துவப் பிரிவுக்கு உள்ளியல் என்று பெயர். மனித வாழ்வின் அர்த்தத்தையும் சுதந்திரத்தையும் பேசும் இருத்தலியல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்ளியலைப் படிக்க எங்கள் ஊரைவிட வசதியான இடம் குறைவு என்பது என் எண்ணம். மலை, மலை இல்லாத இடம், காற்று, எல்லை, கள், லாட்டரி, அணைநீர் என்று எல்லா வகைக்கும் சாட்சி இங்கேயே கிடைக்கிறது.

மலையிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

தெற்கே ஆனைமலை. அந்தத் தொடரின் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரம். வடக்கே நீலகிரி. மனிதர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இரண்டும் இருந்தன. நாளைக்கே நாம் எல்லோரும் மறைந்துபோனாலும் இருக்கும்.

இங்கே நாம் செய்தது இரண்டு கேள்விகள் கேட்டதுதான். இது எதைச் சார்ந்து இருக்கிறது? எது நடந்தால் இது இல்லாமல் போகும்? மலை பாறையைச் சார்ந்து இருக்கிறது. பாறை தேய்ந்தால் போகும். நம் எண்ணம், பேச்சு, சட்டம் எதுவும் அதற்குத் தேவையில்லை. இப்படி இருப்பதை மனம் சாராத இருப்பு என்று வைத்துக்கொள்வோம். ‘ஆனைமுடி’ என்ற பெயரும் ‘மீட்டர்’ என்ற அளவும் நாம் வைத்தவை. அளக்கப்பட்ட உயரம் நாம் வைத்தது கிடையாது.

கட்டுரை முழுக்க இந்த இரண்டு கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறோம்.

கணவாய்: இல்லாததால் இருப்பது

இரண்டு மலைகளுக்கும் நடுவே ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அறுந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ரயில் அதன் வழியாகப் போகிறது, கோவை–பாலக்காடு நெடுஞ்சாலை போகிறது, தென்மேற்குப் பருவக்காற்றும் போகிறது.

சரி, கணவாய் எதனால் ஆனது? மண்ணாலா? மண் எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. காற்றாலா? காற்று இன்று வரும், நாளை போகும். கணவாய் அங்கேயே இருக்கும். உண்மையைச் சொன்னால், மலை இருக்க வேண்டிய வரிசையில் மலை இல்லாமல் இருப்பதுதான் கணவாய். ஓர் இல்லாமைக்கு நீளம், அகலம், பெயர், ரயில்பாதை எல்லாம் உண்டு. கோயம்புத்தூரின் தட்பவெப்பத்தையே அது மாற்றி வைத்திருக்கிறது. அதைப் போய் ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வது?

இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். கணவாய் இரு பக்கத்து மலைகளைச் சார்ந்து இருக்கிறது. அந்த மலைகள் தரைமட்டமானால், கணவாயில் ஒரு கூழாங்கல்லைக்கூட யாரும் நகர்த்தாமலே கணவாய் போய்விடும். வேறொன்று இருந்தால் மட்டுமே இருக்க முடிகிற இந்த வகைக்குச் சார்பிருப்பு என்று பெயர். நிழல், ஓட்டை, கிணற்றின் வாய், துணியின் சுருக்கம் எல்லாம் இதில் சேரும்.

நம்மவர்கள் இதைப் பற்றி மிகப் பழைய காலத்திலேயே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மணிமேகலையில் நாயகி வஞ்சி நகரத்துக்குப் போய்ச் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். (அந்த வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற சண்டை தனி, எங்கள் பக்கத்தில் அதைத் தொடங்கினால் டீ ஆறிவிடும்.) அங்கே வைசேடிகவாதி, அதாவது வைசேடிகம் என்ற பழைய தத்துவ மரபைச் சேர்ந்தவன், உள்ளவற்றை ஆறு கூறாகப் பிரிக்கிறான்: பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம். ஒரு தென்னை பொருள். அதன் பச்சை குணம். அது ஆடுவது கருமம். எல்லாத் தென்னைக்கும் பொதுவான தென்னைத்தன்மை சாமானியம். பச்சையைத் தென்னையோடு பிரிக்க முடியாமல் சேர்த்து வைத்திருப்பது கூட்டம். விசேடம் கொஞ்சம் நுட்பமானது, இங்கே தேவைப்படாது.

இந்தப் பட்டியலில் இல்லாமைக்கு இடம் இல்லை. வைசேடிக மரபில் பிற்காலத்தவர்கள் ‘அபாவம்’, அதாவது இன்மை, என்பதை ஏழாவதாகச் சேர்த்தார்கள். இன்மையிலும் வகை பிரித்தார்கள். இன்னும் உண்டாகாததன் இன்மை ஒன்று, உண்டாகி அழிந்ததன் இன்மை இன்னொன்று; இவை போக மேலும் இரண்டு. விதைக்காத வயலும் அறுத்து முடித்த வயலும் இரண்டுமே வெறும் வயல்தான், ஆனால் இரண்டு வெறுமையும் ஒன்று இல்லை என்பதை எங்கள் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காற்று: நடப்பதால் இருப்பது

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க்குள் புகுந்து வரும் காற்றை நம்பித்தான் கிழக்கே பல்லடம், உடுமலை வட்டாரத்தில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. மலையை எந்த நொடியில் பார்த்தாலும் முழு மலையும் அங்கே இருக்கும். ஒரு பருவக்காற்றை எந்த நொடியில் பார்த்தாலும் அதன் ஒரு துண்டுதான் கிடைக்கும். ஜூன் மாதத் துண்டு முடிந்த பிறகுதான் ஜூலை மாதத் துண்டு. இப்படிக் காலத்தில் நீண்டு கிடக்கிறவற்றை நிகழ்வு என்கிறோம். கல்யாணம், கிரிக்கெட் ஆட்டம், காய்ச்சல், ஆயுள் எல்லாம் நிகழ்வுகள்.

இதுவரை பார்த்த மூன்றுக்கும் நம் மனம் தேவைப்படவில்லை. மலை தானாக இருக்கிறது, கணவாய் மலையைச் சார்ந்து இருக்கிறது, காற்று நடந்து நடந்து இருக்கிறது. இனி வருபவற்றுக்கு நாம் வேண்டும்.

பயம்: ஒருவருக்குள் இருப்பது

வாளையார், கஞ்சிக்கோடு பக்கம் தோட்டம் வைத்திருப்பவருக்கு ராத்திரி நாய் குரைத்தால் வயிற்றைக் கலக்கும். ஆனை வந்திருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்தால் வாழை அசைகிறது, அவ்வளவுதான். ஆனை இல்லை. பயம்? அது இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, கை நடுங்கியது, மறுநாள் காலை வரை தூக்கம் பிடிக்கவில்லை.

பயமும் வலியும் அனுபவிக்கிற ஒருவர் இருந்தால்தான் இருக்கும். ‘யாருக்குமே வலிக்காத வலி’ என்று ஒன்று கிடையாது. இதற்கு அக இருப்பு என்று பெயர்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ‘அவனவன் மனதைப் பொறுத்தது’ என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். முதலாவது, ஒன்று எங்கே இருக்கிறது என்பது: பயம் மனதுக்குள்தான் இருக்கிறது. இரண்டாவது, அதைப் பற்றிச் சொல்வது உண்மையா பொய்யா என்பது: ‘நேற்று ராத்திரி அவர் பயந்தார்’ என்பது உண்மை, நான் எப்படி நினைத்தாலும் மாறாது. மனதுக்குள் இருக்கிற ஒன்றைப் பற்றியும் எல்லோருக்கும் பொதுவான உண்மை சொல்ல முடியும். பல் மருத்துவர் பிழைப்பு நடத்துவதே இதை வைத்துத்தான்.

மாறாக, ‘நெய்யைவிட நல்லெண்ணெய் ருசி’ என்பதில் பேசப்படுவது வெளியே உள்ள எண்ணெய். ஆனால் தீர்ப்பு அவரவர் நாக்கு. ஆக, இருப்பு உள்ளே, உண்மை பொது என்றும் வரும். இருப்பு வெளியே, தீர்ப்பு அவரவருடையது என்றும் வரும். இந்த முடிச்சை அவிழ்க்காமல் அடுத்த பகுதிக்குப் போக முடியாது. தேவைப்பட்டால் இந்த இரண்டு பத்தியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

எல்லை: நாம் எல்லோரும் சேர்ந்து இருக்க வைப்பது

ஆடுபுலி ஆட்டத்தில் திண்ணையில் கட்டம் கீறி, மூன்று கூழாங்கல்லைப் புலி என்றும் புளியங்கொட்டைகளை ஆடு என்றும் வைக்கிறோம். கல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அதில் புலி தெரியாது. ஆனாலும் அது வெட்டினால் ஆடு போய்விடும். ‘எங்கே, இது கல்லுதானே’ என்று தோற்கிறவன் வாதாடினால் சிரிப்பார்கள்.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சேர்ல் சொன்ன சூத்திரம் இதுவேதான்: இன்ன சூழலில் இன்னது இன்னதாகக் கொள்ளப்படும். இந்த ஆட்டத்தில் இந்தக் கல் புலியாகக் கொள்ளப்படும். இந்தியாவில் இந்தக் காகிதம் நூறு ரூபாயாகக் கொள்ளப்படும். இன்ன சர்வே கல்லுக்கு மேற்கே கேரளமாகக் கொள்ளப்படும். இப்படிப் பலர் சேர்ந்து ஏற்பதால் உண்டாகும் உண்மைகளுக்கு நிறுவன உண்மைகள் என்று பெயர். ‘நிறுவனம்’ என்றால் இங்கே கம்பெனி இல்லை. ஊரும் சட்டமும் வழக்கமும் சேர்ந்து நிலைநாட்டி வைத்த ஏற்பாடு என்று பொருள்.

எங்கள் தாலுகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்தூர் தாலுகா, ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். பழைய சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. பக்கத்துப் பாலக்காடோ வெள்ளைக்காரரின் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லா. 1949 ஜூலை 1 அன்று நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ஆனோம். 1956 நவம்பர் 1 அன்று மலபாரோடு சேர்ந்து கேரளம் ஆனோம். அதே நாளில் கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்குப் போனது. 1930-இல் இங்கே பிறந்த ஒரு பாட்டி, வாசல்படியைத் தாண்டாமலே கொச்சி மகாராஜாவின் பிரஜையாக இருந்து, இரண்டு மாநிலங்களின் குடிமகளாகவும் ஆகியிருப்பார். ஆந்திர எல்லையில் திருத்தணிக்காரர்களுக்கும் இதே கதை: 1953-இல் ஆந்திரம் உருவானபோது அந்தப் பக்கம், 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலம். முருகன் கோயில் மலை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

‘பாத்தீங்களா, அப்ப எல்லைங்கறது பொய்தானே’ என்று பெஞ்சில் இருப்பவர் துள்ளுவார். அவருக்குக் கள்ளைக் காட்ட வேண்டும்.

தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்குவது இனிப்பான சாறு. கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது அப்படியே இனிப்பாக இருக்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் வேலையைக் காட்ட ஆரம்பித்து, மரத்தில் இருக்கும்போதே நுரை கட்டி, புளிப்பு ஏறி, கள்ளாகிவிடும். இது வேதியியல், எந்த மாநிலத்துக்கும் இது ஒன்றுதான். ஆனால் எல்லைக்கு மேற்கே, உரிமம் உள்ள தொழிலாளி இறக்கினால் அது தொழில். சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல ஜில்லாக்களுக்கு வண்டி வண்டியாகக் கள் போகிறது. கிழக்கே, பார்வைக்கு எட்டும் தூரத்தில், அதே ஜாதி தென்னையில் அதே கள்ளை இறக்கினால் அது குற்றம். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987-இலிருந்து தடை. அந்தத் தடையை நீக்கச் சொல்லிக் கொங்கு விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். குடித்த கள்ளின் போதை மனம் சாராத வேதியியல். குற்றம் நிறுவன உண்மை. ஆனால் ஜெயிலின் கம்பி மறுபடியும் இரும்பு! நிறுவன உண்மைகளின் சுபாவமே இதுதான். அவை ஏற்பினால் உண்டாகின்றன, ஆனால் உடம்பைத் தொடுகின்றன.

‘ஆனைக்கு எல்லை தெரியுமா?’ என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. தெரியாதுதான். ஆனைக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டும் தெரியாது. ஆனைக்குத் தெரியாததெல்லாம் இல்லை என்றால் நமக்கு மிஞ்சுவது கரும்பும் பலாப்பழமும்தான். எல்லை மனம் சாராத இருப்பு கிடையாது என்பதை மட்டும்தான் ஆனை நிரூபிக்கிறது.

ஒரு நாளில் போவதும் ஒரு நாளில் வருவதும்

நிறுவன உண்மைகளிடம் நம் இரண்டாவது கேள்வியைக் கேட்டால் வினோதமான பதில்கள் வரும். எது நடந்தால் இவை இல்லாமல் போகும்?

2016 நவம்பர் 8 இரவு. பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளில் ஒரு நூலிழைகூட மாறவில்லை, மையும் அழியவில்லை. நள்ளிரவோடு அவை செல்லுபடியாகும் பணமாக இருப்பதை நிறுத்திக்கொண்டன.

வாளையார் வணிகவரிச் செக்போஸ்ட்டும் அப்படித்தான். லாரிகள் கிலோமீட்டர்க் கணக்கில் வரிசையில் நின்று, டிரைவர்கள் சாலையோரத்தில் சமைத்துச் சாப்பிட்டுக் காத்துக் கிடந்த இடம் அது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லை வணிகவரிச் சோதனைக்கு வேலை இல்லாமல் போனது. கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை. கட்டடம் இருந்தது, செக்போஸ்ட் இல்லை. மேலே சொன்ன வைசேடிகர்களைக் கேட்டால், உண்டாகி அழிந்ததன் இன்மை என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். (மதுவிலக்குச் சோதனையும் வண்டிச் சோதனையும் வேறு கணக்கு, அவை தொடர்ந்தன.)

2020-இல் நேர்மாறாக நடந்தது. அதுவரை எங்களுக்கு எல்லை என்பது பஸ்ஸில் டிக்கெட் விலை மாறும் இடம். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவோம், கோயம்புத்தூரில் வைத்தியம் பார்ப்போம், கல்யாணத்துக்குப் பெண் அங்கிருந்து வரும். கொரோனா காலத்தில் பாஸ் இல்லாமல் கடக்க முடியாது என்றார்கள். மே மாத வெயிலில் வாளையாரில் பாஸ் இல்லாமல் ஜனங்கள் தவித்து நின்றார்கள். எங்கள் வீட்டுக்கே மாதாமாதம் கோயம்புத்தூரிலிருந்து வரும் மாத்திரை வராமல் போய், ஆள் மாற்றி ஆள் கைமாற்றி வாங்கினோம். கோடு அதே இடத்தில்தான் கிடந்தது. அதைக் கோடாக நடத்துவது கூடிவிட்டது.

ஆனால் நிறுவன உண்மை என்றாலே நீர்க்குமிழி என்று நினைத்துவிடக் கூடாது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜா தரப்பும் வெள்ளைக்கார அரசாங்கத்தின் இந்தியச் செயலர் தரப்பும் முல்லைப்பெரியாறு குத்தகையில் கையெழுத்துப் போட்டன. குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். அணை 1895-இல் முடிந்தது. இன்று திருவிதாங்கூர் ராஜ்யம் இல்லை. இந்தியச் செயலர் என்ற பதவியும் இல்லை. ஒப்பந்தம் போட்ட இருவருமே மறைந்த பிறகும், ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த வாடகை 1970-இல் இரு மாநிலங்களும் பேசி 30 ரூபாயாக ஏறியது. குத்தகையை வைத்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. மலையைவிட ஆயுள் குறைவுதான், ஆனால் ராஜாக்களைவிட அதிகம். தனியொருவர் நம்பாவிட்டால் இது போகாது. நான் நாளைக் காலை எழுந்து ‘எனக்கு எல்லையில் நம்பிக்கை இல்லை’ என்று சொன்னால் மாறப்போவது என் மனநிலை மட்டுமே. ‘காசு வெறும் நம்பிக்கை’ என்பதில் ‘வெறும்’ என்ற சொல்தான் தப்பு. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் கோடிக்கணக்கான பேரின் நடத்தை, பதிவேடு, நீதிமன்றம், போலீஸ் எல்லாம் இருக்கின்றன.

சுருக்கமாக: பயம் ஒருவருக்குள் இருக்கிறது, எல்லை பலருக்கு நடுவே இருக்கிறது. இரண்டுக்கும் மனம் வேண்டும். ஆனால் முதலாவது என்னோடு போய்விடும், இரண்டாவது போகாது.

லாட்டரிச் சீட்டும் கண்ணகியும்

கேரளத்தில் அரசே 1967-இல் லாட்டரித் துறை தொடங்கியது. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து லாட்டரிக்குத் தடை. அதனால் எல்லைக் கடைகளில் சீட்டு வாங்க அந்தப் பக்கத்து ஆட்கள் வருவதைத் தினமும் பார்க்கலாம். குலுக்கலுக்கு முன் சட்டைப் பையில் உள்ள சீட்டைப் பாருங்கள். பரிசு இருக்கிறதா? இல்லை. அறவே இல்லையா? அப்படியானால் ஏன் காசு கொடுத்து வாங்கினார்? அங்கே இருப்பது சாத்தியம். மாங்கொட்டைக்குள் மாமரம் இருக்கும் விதம் இது கிடையாது. மாங்கொட்டைக்கு மரமாவதற்கான பாதை உள்ளேயே உண்டு. சீட்டில் ஒன்றும் இல்லை, விதிமுறை மட்டுமே உண்டு. குலுக்கல் முடிந்ததும் ஒரு சீட்டின் சாத்தியம் உண்மையாகிறது. மற்றவை அதே நொடியில் குப்பை. பரிசு விழுந்த சீட்டையும் குறித்த கெடுவுக்குள் ஒப்படைக்காவிட்டால், அச்சும் எண்ணும் அப்படியே இருக்க, பரிசு மறைந்துவிடும்.

கண்ணகி வேறு வகை. தேனி–இடுக்கி எல்லையில் காட்டுக்குள் மங்கலதேவி கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் இரு மாநிலத்து ஜனங்களும் ஏறிப் போகிறார்கள். அது எந்த மாநிலத்து நிலம் என்று சர்ச்சை. அங்கே உள்ள கற்கள் மனம் சாராத இருப்பு, ‘யாருடைய நிலம்’ என்பது நிறுவன உண்மை, கும்பிடுகிறவரின் உருக்கம் அக இருப்பு. காப்பியத்துக் கண்ணகியோ இந்த மூன்றிலும் அடங்கமாட்டாள். அவள் சரித்திரத்தில் வாழ்ந்தாளா என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பாடு. ஆனால் ‘கண்ணகி மதுரையில் பிறந்தாள்’ என்று பையன் பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்காது, புகாரில் பிறந்தவள். காப்பியம் கேட்ட, படித்த ஒருவர்கூட இல்லாமல், ஏடு ஒன்றுகூட மிஞ்சாமல் போனால் அந்தக் கண்ணகியும் போய்விடுவாள். கதைமாந்தர் கதையைச் சார்ந்து இருக்கிறார்கள், ஆனால் இருக்கும்வரை அவர்களைப் பற்றிச் சரியும் தப்பும் உண்டு.

மாயை என்றால் இல்லை என்றா அர்த்தம்?

காலடியில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் சங்கரரின் பேரைச் சொல்லித்தான் ‘எல்லாம் மாயை’ என்ற வசனம் ஊர் சுற்றுகிறது. அத்வைத மரபு அதைவிட நிதானமானது. அது இருப்பை மூன்று படியாகப் பிரிக்கிறது. அரை இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிவது கீழ்ப்படி. விளக்கைக் கொண்டுவந்தால் போய்விடும். இது பிராதிபாசிகம், தோற்றமாக மட்டும் இருப்பது. விளக்கில் பார்த்த கயிறு, கிணறு, வீடு, பசி, சந்தை விலை எல்லாம் நடுப்படி; வியாவகாரிகம், அதாவது நடைமுறை இருப்பு. எதனாலும் எப்போதும் மறுக்கப்படாத பிரம்மம் மேல்படி, பாரமார்த்திகம்.

கயிற்றுப் பாம்பையும் கயிற்றையும் அத்வைதம் ஒன்றாக்கவே இல்லை. உலகம் மாயை என்றால் கடைசி உண்மை இதுவல்ல என்று பொருள். ‘ஒன்றுமே இல்லை’ என்று பொருள் கிடையாது. முயற்கொம்பு போல அறவே இல்லாதது தனி. அதற்கு இந்த மூன்று படியிலும் இடம் இல்லை. சைவ சித்தாந்தமோ நடுப்படி என்ற ஏற்பாட்டையே ஒத்துக்கொள்வதில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் தொடக்கமில்லாமல் உள்ளவை, மாயை என்பது உலகம் உண்டாகும் மெய்யான மூலப்பொருள் என்கிறது. ஒரே சொல்லை ஒருவர் தோற்றத்துக்கும் மற்றவர் மூலப்பொருளுக்கும் வைத்திருக்கும்போது, டீக்கடையில் அதைச் சும்மா வீசினால் என்ன ஆகும்? எனக்கு இதில் சித்தாந்திகள் பக்கம் சாய்வு உண்டு, அது என் வீட்டு வளர்ப்பு.

7.25 எங்கே இருக்கிறது?

கடைசியாக, எல்லாவற்றிலும் முரண்டு பிடிப்பது. பரம்பிக்குளம் அணை கேரளத்தில் இருக்கிறது, இயக்குவது தமிழ்நாடு. அந்த ஊருக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமானால், கேரளத்துக்காரரும் தமிழ்நாட்டுக்குள் புகுந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி எல்லையோரத்து மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் எங்களுக்கு வர வேண்டும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. எங்கள் நெல்லும் தென்னையும் அதை நம்பித்தான்.

தண்ணீர் மனம் சாராதது. வர வேண்டும் என்ற உரிமை நிறுவன உண்மை. ஓடி வருவது நிகழ்வு. வராத வருஷத்தில் விவசாயிக்கு வரும் கவலை அக இருப்பு. இதெல்லாம் போக மிச்சம் ஒன்று நிற்கிறது: 7.25 என்ற எண். அதை மணக்கடவில் தேடிப் பயனில்லை. டி.எம்.சி. என்ற அலகையும் ஒப்பந்தத்தையும் நாம் உண்டாக்கினோம். 7.25-ஐ நாலால் பெருக்கினால் 29 என்பதை யாரும் உண்டாக்கவில்லை. இரு மாநில முதலமைச்சர்களும் உட்கார்ந்து பேசினாலும் 30 ஆக்க முடியாது. மனிதர்கள் போனாலும் மலை போனாலும் அது பொய்யாகாது போலத் தெரிகிறது. அப்படியானால் எண் எதைச் சார்ந்து இருக்கிறது? எது நடந்தால் இல்லாமல் போகும்?

எண்கள் இடத்துக்கும் காலத்துக்கும் அப்பால் தாமாகவே இருக்கின்றன என்பது ஒரு கட்சி. கிரேக்கத்துப் பிளேட்டோவின் பெயரால் அது வழங்குகிறது. எண் என்று தனியாக எதுவும் இல்லை, எண்ணுவதற்கு நாம் வகுத்த விதிகளிலிருந்து வருவதைத்தான் எண் என்று பேசுகிறோம் என்பது எதிர்க்கட்சி. முதல் கட்சியிடம், இடமும் காலமும் இல்லாத ஒன்று எப்படி நம் அறிவுக்கு எட்டுகிறது என்று கேட்டால் திணறுகிறார்கள். இரண்டாம் கட்சியிடம், விதி நம்முடையது என்றால் விடை ஏன் நம் இஷ்டத்துக்கு வளைவதில்லை என்று கேட்டால் திணறுகிறார்கள். கணக்கு வாத்தியார்கள் பெரும்பாலும் வார நாட்களில் முதல் கட்சியாக நடந்துகொண்டு, யாராவது மடக்கிக் கேட்டால் இரண்டாம் கட்சிக்குத் தாவுவதைப் பார்த்திருக்கிறேன்.